ஜாக்கெட் துணிக் கடையில் ஒரு கவுன்சலிங் பரீட்சை

தனியாக இருப்பது எப்படி என்று அடுத்தவருக்கு அறிவுரை சொல்வது ரொம்பச் சுலபம். நான் அதைத் தொழிலாகவே எடுத்துக்கொண்டேன். உளவியலில் எம்.ஏ. முடித்துவிட்டு, தொண்ணூறுகளின் கடைசியில் கோவை ஆர்.எஸ்.புரத்தில் ஒரு மாடி அறையைப் பிடித்து, 'மனநல ஆலோசகர்' என்று பலகையும் மாட்டினேன். அறையில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் நான் உட்கார்ந்திருப்பேன். இன்னொன்று என்னையே பார்த்துக்கொண்டிருக்கும்.

யாருமே வரவில்லை என்று சொன்னால் அது பொய். பக்கத்து அறைப் பல் டாக்டர் எப்போது வருவார் என்று கேட்க நிறையப் பேர் வந்தார்கள். இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் எந்தக் காலேஜை எழுதலாம் என்று மார்க் ஷீட்டோடு ஓர் அப்பா வந்தார். (விடுவேனா? உட்கார வைத்து அரை மணி நேரம் பேசினேன். பையனுக்கு சிவில் கிடைத்ததாகப் பிறகு கேள்வி.)

எனக்கு அப்போது முப்பத்தி நாலு வயது. அப்பா, அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கல்யாணம் கூடி வரவில்லை. சொந்தம் என்று சொல்ல அந்தியூரில் வாக்கப்பட்ட அக்கா ஒருத்தி. வாரத்தில் இரண்டு நாள் காலையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பகுதிநேர வேலை. அந்த இரண்டு நாளும் நான் மனுஷி. மற்ற நாட்களில் அந்த அறையில் இருக்கும் இன்னொரு சாமான்.

இப்படி இருக்கும்போதுதான் ஆஸ்பத்திரி நிர்வாகி ஒருநாள் கூப்பிட்டார். ஆலோசகர்கள் படிப்பைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். ஆஸ்திரேலியாவில் ஒரு நிறுவனம் இன்டர்நெட்டிலேயே தொடர்கல்வி நடத்துகிறதாம். அந்தச் சான்றிதழை வாங்கி வந்தால் வேலை நிரந்தரம், தினமும் வரலாம் என்றார். எனக்குச் சம்பளம்கூட இரண்டாம் பட்சம். தினமும் எதிர் நாற்காலியில் ஆள் உட்காரும் என்ற ஒரு நினைப்பே போதுமாக இருந்தது. அன்றைக்கே பணத்தைக் கட்டிவிட்டேன்.

படிப்புக்கு இன்டர்நெட் வேண்டுமே? எனக்குக் கிடைத்தது டவுன்ஹால் பக்கம் ஜெபு அக்கா கடை. முன்பாதியில் ஜாக்கெட் துணி, ஃபால்ஸ், உள்பாவாடை. துபாயில் இருக்கும் தம்பி பேச்சைக் கேட்டு, பின்பாதியில் ஒரு திரையைத் தொங்கவிட்டு இரண்டு கம்ப்யூட்டர் வைத்திருந்தார் அக்கா. டெலிபோன் லைன் மட்டும் கடைக்கும் மாடி வீட்டுக்கும் ஒன்றேதான். மாடியில் அவர் மாமியார் ரிசீவரை எடுத்தால் கீழே இன்டர்நெட் உயிரை விட்டுவிடும். இப்படியாகத் தட்டுத் தடுமாறி ஏழெட்டுப் பாடங்களைப் படித்து முடித்தேன். மிச்சம் இருந்தது கடைசிப் பரீட்சை.

பரீட்சை என்றால் நேரடி அரட்டை. எழுத்தில்தான். பினாங்கிலிருந்து மாலினி என்று ஒரு பெண் எனக்கு ஜோடி. முதல் பாதியில் நான் ஆலோசகர், அவள் கற்பனையாக ஒரு கஷ்டத்தைச் சொல்வாள். இரண்டாம் பாதியில் அவள் ஆலோசகர், நான் கற்பனைக் கஷ்டத்தைச் சொல்ல வேண்டும். பீட்டர் என்ற பயிற்சியாளர் நாங்கள் எழுதுவதை எல்லாம் பார்த்து மதிப்பெண் போடுவார். விதிகள் இரண்டே. அறிவுரை சொல்லக் கூடாது. அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது.

எனக்கோ ஒற்றை விரல் டைப்பிங். 'வணக்கம்' என்று நான் அடித்து முடிப்பதற்குள் எதிராளியின் கஷ்டமே தீர்ந்துவிடும். விஷயத்தை ஜெபு அக்காவிடம் சொன்னேன்.

"இதுக்குப் போயி விசனப்படலாமுங்களா டாக்டரம்மா? நானு டைப்ரைட்டிங் ஹையர் பாஸுங்க. நீங்க பாட்டுக்குச் சொல்லுங்க, நான் பாட்டுக்கு அடிச்சுத் தாரேன்" என்றார். (நான் டாக்டர் இல்லை என்று பலமுறை சொல்லிவிட்டேன். பலகை மாட்டினவர்கள் எல்லாம் அவருக்கு டாக்டர்தான்.)

இரண்டாவது விதி அங்கேயே போச்சு. ஒரு ஆள்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். கஞ்சி போட்ட காட்டன் சேலை கட்டி, பொட்டு வைத்து, பூ வைத்துக்கொண்டு போனேன். ஆஸ்திரேலியாவுக்கு என் சேலை தெரியாது என்பது அப்போது தோன்றவே இல்லை.

போய்ப் பார்த்தால் ஆடித் தள்ளுபடி! கடையில் நிற்க இடமில்லை. திரைக்கு வெளியே, மகள் கல்யாணத்துக்கு ஜாக்கெட் துணி எடுக்கப் பொள்ளாச்சியிலிருந்து வந்த அம்மாள் ஒருவர் சேலைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு காத்திருந்தார். "அக்கா, கொஞ்சம் பொறுத்துக்குங்க, டாக்டரம்மாவுக்குப் பரீட்சை" என்று ஜெபு அக்கா சொன்னதும், பொறுப்பதற்குப் பதிலாகத் திரையை விலக்கிக்கொண்டு உள்ளேயே வந்துவிட்டார். அவர் பின்னால் அவர் மகள்.

ஆரம்பித்தது. தனக்கு வேலை போய்விட்டதாகவும், நாள் முழுக்கப் படுக்கையிலேயே கிடப்பதாகவும் மாலினி ஆங்கிலத்தில் எழுதினாள். நான் கண்ணை மூடி, தலையை ஆட்டி, "உங்களுக்கு எல்லாமே பாரமாகத் தோன்றுகிறது" என்று ஆங்கிலத்தில் அழகாகச் சொன்னேன். ஜெபு அக்கா விரல்கள் பறந்தன.

"என்னவாமா அந்தப் புள்ளைக்கு?" என்று பொள்ளாச்சி அம்மாள் கேட்டார். மகள் மொழிபெயர்த்தாள்.

"அட சாமி! படுத்தே கெடந்தா ஒடம்பு என்னத்துக்கு ஆகும்? ஏனுங்க, சாப்பாடு ஆச்சான்னு கேளுங்க மொதல்ல."

அப்போதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் ஜெபு அக்காவுக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்: காதில் விழுவதை அடிக்கணும், யார் சொன்னது, எதுக்குச் சொன்னது என்று யோசிக்கக் கூடாது. 'சாப்பாடு ஆச்சான்னு கேளுங்க' என்று ஆங்கில எழுத்தில் தமிழ் அப்படியே கடல் தாண்டிப் போய்விட்டது.

 மாலினியோ, பினாங்குத் தமிழச்சி அல்லவா, அதே மாதிரி ஆங்கில எழுத்துத் தமிழில் பதில் போட்டாள். 'இன்னும் இல்லைக்கா.'

"பாத்தீங்களா! ஒரு வாய் கஞ்சியாச்சும் குடிக்கச் சொல்லுங்க. வேல போனா என்ன, கையி காலா போயிருச்சு? கண்ணாலம் ஆச்சுதா? கூடப் பொறந்தவங்க இருக்காங்களா?"

டக டக டகவென்று எல்லாம் போயிற்று. "அக்கா, அதை அடிக்காதீங்க!" என்று கத்தினேன். அதையும் அடித்தார்.

பீட்டர் குறுக்கே வந்தார். 'தயவுசெய்து ஆங்கிலத்தில் பேசவும். அறையில் வேறு யாராவது இருக்கிறார்களா?'

"நோ" என்றேன் நெஞ்சறிய.

"என்ன கேக்குறாரு?" என்றார் பொள்ளாச்சி அம்மாள். மகள் சொன்னாள். "அட, ஏன் இல்லீங்கறீங்க? நாங்க இத்தன பேரு நிக்கறமில்ல!"

அதுவும் போயிற்று. இதற்கு மட்டும் ஜெபு அக்கா, பாவம் வெள்ளைக்காரருக்குத் தமிழ் தெரியாதே என்று ஆங்கிலத்தில் எழுதி உதவினார்.

 பீட்டரிடமிருந்து, 'இரண்டாம் பாதியைத் தொடங்கலாம். விரும்பினால் உங்கள் மொழியிலேயே பேசலாம். மாலினி எனக்குச் சுருக்கிச் சொல்வார்' என்று வந்தது. கைகழுவிவிட்டார் என்பது புரிந்துவிட்டது. வேலை போச்சு. எதிர் நாற்காலியும் போச்சு.

பரீட்சை பயத்தில் தூக்கம் வராத கல்லூரி மாணவியாக நடிக்க வசனமெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். மாலினி எழுதினாள்: 'அக்கா, நீங்க சாப்பிட்டீங்களா?'

"இன்னும் இல்லை" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். மூன்று வாரமாக என்னை யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை. வாய் தன்பாட்டுக்குத் திறந்துகொண்டது.

ஒரு ஆளுக்கு ஒரு டம்ளர் அரிசி அதிகம், அரை டம்ளர் போட்டால் குக்கரில் அடிப்பிடிக்கிறது என்றேன். வெள்ளிக்கிழமை வந்து கதவைச் சாத்தினால் செவ்வாய்க்கிழமை வரை என் குரல் எனக்கே கேட்காது என்றேன். ரேடியோவில் செய்தி வாசிப்பவர் வணக்கம் சொன்னால் நானும் பதில் வணக்கம் சொல்கிறேன் என்றேன். வாங்கப் போவதில்லை என்று தெரிந்தும் கொத்தமல்லிக்கு விலை கேட்கிறேன், அந்தக் கடைக்காரர் "ஏனுங்க அம்மணி" என்று கூப்பிடுவது நன்றாக இருக்கிறது என்றேன். ராத்திரி நெஞ்சு வலித்தால் யாரை எழுப்புவது என்று யோசித்தேன், அக்காவுக்கு போன் போட்டால் அவள் அந்தியூரிலிருந்து பஸ் பிடித்து வருவதற்குள் விடிந்துவிடும் என்றேன். பயமாக இருக்கிறது என்றேன்.

ஜெபு அக்கா அத்தனையும் அடித்தார். கடைசி வரிக்கு வரும்போது விரல்கள் தயங்கித் தயங்கித்தான் இறங்கின.  நான் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாலினி என்ன சொல்லப் போகிறாள்?

ஸ்கிரீன் அப்படியே நின்றுபோனது. மாடியில் ஜெபு அக்காவின் மாமியார், மதியத்துக்குக் கறிக்கடையில் கறி சொல்ல ரிசீவரை எடுத்துவிட்டிருந்தார்.

பொள்ளாச்சி அம்மாள் மெதுவாக என் தோளில் கை வைத்தார். "ஏன் கண்ணு... இத்தனையும் நெசமா?"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நெசம்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்த அம்மாள் என்னை அப்படியே பொள்ளாச்சி பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போயிருப்பார். எனக்கு வெட்கமாகிவிட்டது. எம்.ஏ. படித்தவள், பலகை மாட்டினவள்.

"அய்யோ, இல்லீங்க! சும்மா நடிச்சேனுங்க. பரீட்சைக்குங்க" என்றேன், சிரித்துக்கொண்டே.

"அட போ கண்ணு! நானு பயந்தே போயிட்டேன்" என்று அவரும் சிரித்தார். ஜெபு அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். எல்லோரும் திரைக்கு வெளியே போய், மெரூன் சேலைக்குப் பொருத்தமான துணி தேட ஆரம்பித்துவிட்டார்கள்.

அடுத்த வாரம் பீட்டரிடமிருந்து முடிவு வந்தது. ஆலோசகராக நான் தேறவில்லை; விதி இரண்டையும் மீறியதால் சான்றிதழ் கிடையாது. (ஆஸ்பத்திரி வேலை வேறொருவருக்குப் போனது.) கீழே ஒரு வரி: 'ஆனால் கஷ்டப்படுபவராக நீங்கள் நடித்த பகுதி அபாரம். நிஜம் போலவே இருந்ததாக மாலினி வியந்து பாராட்டுகிறார். அதற்கு மட்டும் முழு மதிப்பெண்.'

அந்தியூர் அக்காவிடம் இந்தக் கதையை நானே சொல்லித் தொலைத்தேன், சிரிப்பாகத்தான். ஜெபு அக்கா டைப் அடித்தது, கறி சொன்ன மாமியார், எல்லாம் சொன்னேன். அந்த அரை டம்ளர் அரிசியை மட்டும் சொல்லவில்லை. ஏதோ கல்லூரி மாணவியாக நடித்தேன் என்றுதான் அவள் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமையானால் அந்தியூரிலிருந்து போன் வரும்.

"சாப்பிட்டியா சரசு?"

"ஓ, அப்பவே ஆச்சு."

"நெசமாவா? நீதான் நடிப்புல முழு மார்க்கு வாங்குனவளாச்சே!"

போனை எல்லோருக்கும் கேட்கும்படிதான் வைத்திருப்பாள். மாமா சிரிப்பார், பிள்ளைகள் சிரிப்பார்கள், இப்போது பேரன் பேத்திகளும் சிரிக்கிறார்கள். நானும் சிரிப்பேன். அக்கா போனை வைத்ததும் எழுந்துபோய், அரை டம்ளர் அரிசியைக் களைந்து குக்கரில் வைப்பேன்.