என் தடிமனுக்கு இரண்டு வைத்தியர்

பியர்பொன்ட்ஸ், மொன்றியல், கனடா

அன்பின் தங்கச்சி நல்லம்மாவுக்கு,

நீயும் பிள்ளைகளும் நோய்நொடியில்லாமல் இருக்க மாமாங்கேஸ்வரரைக் கும்பிடுகிறேன். நானும் அப்படியே என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. எனக்குத் தடிமன். மூக்கு இரண்டும் அடைத்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, மகன் வீட்டுப் பேஸ்மென்டில் குந்தியிருந்து எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பேத்திக்குப் பெயர் வைக்கிறார்கள். தக்ஷினி என்று அவளுடைய காதில் சொல்ல வேண்டியவன் அப்பப்பாவான நான். அதற்காகத்தான் இந்தப் பனிக்குள் வந்து இறங்கினேன். ஆனால் அந்தப் பிள்ளையை இன்னும் நான் தொடவில்லை, கதவிடுக்கால் பார்த்ததோடு சரி. வந்த கையோடு மூலையில் உள்ள டெபனர் கடைக்குப் பால் வாங்கப் போனேன், கழுத்தில் ஒன்றும் சுற்றவில்லை, அதுதான் நான் செய்த குற்றம்.

இந்த வீட்டில் வைத்தியம் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் நம்முடைய துஷாந்தன், படித்துப் பட்டம் வாங்கிய டொக்டர். தொண்டைக்குள் லைட் அடித்துப் பார்த்துவிட்டு, "அப்பா, இது வைரஸ். மருந்து இல்ல. தண்ணியக் குடிச்சிட்டுப் படுங்கோ, தானா மாறும்" என்கிறான். தானா மாறும் எண்டு சொல்லவா தங்கச்சி நான் வயலை வித்து இவனைப் படிப்பிச்சன்? அதை நீயே சொல்லியிருப்பாய், காசில்லாமல்.

மற்றவர் சம்பந்தி பாலகிருஷ்ணன், மருமகள் தாராவின் தகப்பன், சென்னைக்காரர். இஞ்சினியராக இருந்து ஓய்வெடுத்த பிறகு சீன வைத்தியம் படித்தாராம். என் பிடரியைத் தடவிப் பார்த்து, "சார், குளிர் காத்து இந்த வழியாத்தான் உள்ள போயிருக்கு, வேர்க்க வெச்சு வெளிய அனுப்பணும்" என்றார். இஞ்சியும் வெங்காயத்தாளின் வெள்ளைப் பக்கமும் கறுவாப்பட்டையும் அவித்துத் தந்து, மூன்று கம்பளியால் மூடிவிட்டார். பொய் சொல்லக்கூடாது, கொஞ்சம் சுகமாகத்தான் இருந்தது. அடுத்த நாள் வந்து நாக்கை நீட்டச் சொன்னார். நீட்டினேன். "ஐயோ, நாக்கு ரத்தச் சிவப்பா இருக்கே, இது சூட்டுக் காத்தா மாறிடுச்சு" என்று இஞ்சியை நிறுத்தி, செவ்வந்திப்பூவும் புதினாவும் போட்டுக் குளிர்ச்சியான தண்ணீராய்ப் பருக்கினார். அதற்குப் பிறகுதான் பல்லுக் கிடுகிடுத்து நடுங்கினேன்.

நாக்கு ஏன் சிவந்தது எண்டு உனக்குத் தெரியும். வெத்திலை. துஷாந்தன் அதைத் தொடக்கூடாது எண்டு சத்தியம் வாங்கியிருக்கிறான், பேந்து எப்பிடி வாயைத் திறந்து சொல்லுற? நாக்கைப் பார்த்தவர் வாயை ஒருக்கா மோந்து பார்த்திருக்கலாம்தானே. இதுவும் ஒரு வைத்தியமா?

எனக்கு வயிறு எரிகிறது வேறு காரணத்தால். வைரஸ் என்பவனும் காற்று என்பவரும் ஒரு விஷயத்திலும் ஒத்துவராதவர்கள், இரண்டு பேரும் சேர்ந்து ஒன்றே ஒன்று சொல்கிறார்கள்: நான் பிள்ளைக்குக் கிட்டப் போகக்கூடாது. பெயரைச் சம்பந்தி சொல்லட்டுமாம். என்னுடைய மகன் இதை என் முகத்துக்கு நேரே சொல்கிறான் நல்லம்மா. சாப்பாடும் படிக்கட்டில் வைத்துவிட்டுப் போகிறார்கள். எனக்கு இந்த நாடும் வேண்டாம், இந்த மனிதரும் வேண்டாம். நடு அறைக்கு வெள்ளையடித்து வை, நான் வாறன், இனித் திரும்பமாட்டேன்.

உனக்கும் உன் பிள்ளைகளுக்கும் ஒரு குறையும் வராது. இங்கே உள்ளவர்களுக்கு என் ஆசீர்வாதம் இப்போதைக்கு இல்லை.

உன் அண்ணன்
சீனித்தம்பி

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போட ஆளில்லாமல் ஞாயிறு வந்துவிட்டது. எனக்குத் தடிமன் மாறிவிட்டது, தானாகத்தான். மேலே சம்பந்தி மூன்று கம்பளிக்குள் கிடக்கிறார், டொக்டர் துஷாந்தன், "அப்பா, அந்த இஞ்சித்தண்ணி மிச்சம் இருக்கா?" என்று படிக்கட்டில் நின்று தும்மித் தும்மிக் கேட்கிறான். விடிய தாரா பிள்ளையோடு பேஸ்மென்டுக்கு இறங்கி வந்து, "மாமா, இந்த வீட்டுல தும்மாத பெரியவங்க நீங்க ஒருத்தர்தான், பிடிங்க" என்று மடியில் வைத்துவிட்டாள். பெயரை நான்தான் சொன்னேன். சொல்லும்முன் வாயை நன்றாகக் கொப்பளித்தேன், அந்தக் காதுக்குப் பக்கத்தில் வெற்றிலை மணக்கக்கூடாது என்று. மிச்ச வெற்றிலையைக் குப்பையில் போட்டுவிட்டேன். நடு அறைக்கு வெள்ளையடிக்க வேண்டாம், நெல் மூட்டையை அதில் அடுக்கு.