அவர் தலையும் என் வேண்டுதலும்

சாமிக்கு ஒன்றைத் தருகிறேன் என்று வாக்குக் கொடுக்கும் முன், அது நம்முடையதுதானா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. நான் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று பக்தியாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருக்கும்போதே, அவர் தலைமுடியை முருகனுக்குக் கொடுத்துவிட்டேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. திருத்தணி மலையடிவாரத்தில் இரண்டு அறை வீடு, ஐந்து வயதில் வள்ளி என்று ஒரு மகள், எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கு மட்டும் இரண்டு தடவை தோல்வி. (தேறாததற்குக் காரணம் கல்யாணம் என்று சொல்லித் திரிந்தேன். உண்மையான காரணம் அல்ஜீப்ரா.) எப்படியாவது பாஸ் பண்ணி, ஆசிரியர் பயிற்சிக்குப் போய், டீச்சராகிவிட வேண்டும். சேலைத் தலைப்பைத் தோளில் குத்திக்கொண்டு, கையில் குடையோடு நான் பள்ளிக்கூடத்துக்குள் நுழைவதை அடுப்படியிலிருந்தே தினமும் பார்ப்பேன். நான் நுழைந்து முடிப்பதற்குள் சாம்பார் அடிப்பிடித்துவிடும்.

படிப்புப் பைத்தியம் வேறு. மளிகைக்கடையில் பொட்டலம் கட்டித் தரும் காகிதத்தைக்கூட விடமாட்டேன். ஒருமுறை துவரம்பருப்புப் பொட்டலத்தில் ஒரு தொடர்கதை வந்தது. கதாநாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள், பருப்பு முடிந்துவிட்டது. அப்புறம் என்ன ஆனாளோ என்று தவித்து, அதே கடைக்கு ஓடி அரைப்படி உளுந்து வாங்கினேன். உளுந்தில் பஞ்சாங்கம் வந்தது.

வீட்டுக்காரர் முனிரத்னம் அரக்கோணத்தில் ரயில்வே குமாஸ்தா. அவருடைய சொத்து அவர் தலைமுடி. நெற்றிக்கு மேல் அலை மாதிரி எழுந்து, விழப்போகும் நேரத்தில் மனசு மாறி நின்றுவிட்ட ஒரு சுருள். அதைச் சீவிவிட காலையில் கால் மணி நேரம் ஆகும். (எனக்கு அவர் ஒதுக்கிய நேரம் அதைவிடக் குறைவு.)

மூன்றாம் முறை பரீட்சை எழுதிய கையோடு மலையேறினோம். கண்ணை மூடினேன். "முருகா, கணக்குல மட்டும் தேத்திவுட்டுடு, மொட்டை போடறேன்." சொன்ன உடனே என் பின்னல் ஞாபகம் வந்தது. இடுப்பைத் தாண்டித் தொங்கும் பின்னல். அவசரமாகத் திருத்தினேன்: "எனக்கில்ல, அவருக்கு." ஆம்பிளை முடி, நாலு மாசத்தில் வந்துவிடும். முருகன் மறுப்பேதும் சொல்லவில்லை.

பாஸாகிவிட்டேன்.

பயிற்சிக்கு விண்ணப்பம் வாங்கி, அழகான கையெழுத்தில் நிரப்பினேன். கடைசி வரியில் காப்பாளர் கையொப்பம் என்று இருந்தது. அவரிடம் நீட்டினேன். "பாக்கலாம்" என்று வாங்கி ரேடியோவுக்கு அடியில் வைத்தார். எங்கள் வீட்டில் 'பாக்கலாம்' என்ற சொல்லுக்குள் போன எதுவும் உயிரோடு திரும்பியதில்லை. தையல் மிஷின் அதற்குள் போயிருக்கிறது. கன்னியாகுமரியே போயிருக்கிறது.

ஆடி வந்துவிட்டது. கிருத்திகைக்கு மறுநாள் விண்ணப்பம் தபாலில் சேர்ந்தாக வேண்டும். அவர் கையெழுத்துப் போடாததற்கு எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. வேண்டுதலைத் தீர்க்கவில்லை, அதனால் முருகன் அவர் கையைப் பிடித்து வைத்திருக்கிறான். வேண்டுதலைச் சொன்னாலோ அவரே கையெழுத்துப் போடமாட்டார். இப்படி நான் தவித்துக்கிடந்தபோது கடைத்தெருவில் வாங்கிய விரதப் புத்தகம் ஒன்று என்னைக் காப்பாற்ற வந்தது. (காப்பாற்ற வந்தவர்களிடமிருந்துதான் முருகன் என்னைக் காப்பாற்றியிருக்க வேண்டும்.) முழு மொட்டை முடியாதவர்கள் மூன்று கத்தை 'பூமுடி' நறுக்கிக் கொடுத்தாலே போதும் என்று அதில் போட்டிருந்தது. மூன்று கத்தை! பின்னந்தலையில் எடுத்தால் அவருக்கு எங்கே தெரியப்போகிறது?

கிருத்திகைக்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அவர் சாப்பிட்டுவிட்டுப் பாயில் மல்லாந்து தூங்கினார். நான் கத்தரிக்கோலோடு உட்கார்ந்தேன். பின்னந்தலை தலையணைக்குள் புதைந்திருந்தது. புரட்டிப் பார்த்தேன், புரளவில்லை. சரி, முன்னால் சுருளின் ஓரத்தில் நாலே நாலு இழை. கத்தரிக்கோலை விரித்தேன். வெளியே ஆடி வெயில் தெருவெல்லாம் மஞ்சளாக இறைந்து கிடந்தது.

அந்த நேரம் பார்த்து ஆந்திராப் பக்கத்திலிருந்து ஒரு காவடிக் கூட்டம் எங்கள் வாசலைக் கடந்தது. பம்பை அதிர, நூறு தொண்டை ஒன்றாக, "அரோகரா!"

இந்த ஊரில் பிறந்தவன் எங்கே இருந்தாலும் அந்தச் சத்தத்துக்குக் கை தூக்குவான். குளித்துக்கொண்டிருந்தாலும் தூக்குவான். என் வீட்டுக்காரர் தூக்கத்திலேயே இரண்டு கையும் தலைக்கு மேல் கூப்பி, "அரோகரா!" என்று விருட்டென்று எழுந்து உட்கார்ந்தார். நேராகக் கத்தரிக்கோலுக்குள்.

நறுக்.

அந்த அலை முழுசாக என் மடியில் விழுந்தது.

வாசலிலிருந்து வள்ளி எட்டிப் பார்த்தாள். "நைனா, உன் முடி அம்மா கையில கீது!"

அவர் நெற்றியைத் தடவினார். மறுபடி தடவினார். "இன்னாடி இது?"

"வேண்டுதலுங்க."

"யார் வேண்டிக்கினது?"

"நான்தான்."

"யார் தலையை?"

நான் சுவரைப் பார்த்தேன்.

"பாஸானது நீ. உனுக்குத் தலை இல்ல?"

"பரீட்சை எழுதத் தலை வேணும்னு..." என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் எனக்கே அசிங்கமாக இருந்தது.

அவர் எழுந்து போய் ரேடியோவுக்கு அடியிலிருந்த விண்ணப்பத்தை எடுத்துப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினார். "கையெழுத்து கேட்டியே, இந்தக் கையால ஒரு புள்ளி வெக்கமாட்டேன். டீச்சராம் டீச்சர்! நாவிதர் வேலைக்கு எழுதிப் போடு."

கிருத்திகைக்காகப் பொதட்டூர்பேட்டையிலிருந்து வந்திருந்த நாத்தனார் தேசம்மா, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். "அண்ணி, வுட்டா முருகனுக்கு எங்க அண்ணன் காதையும் சேத்து குடுத்திருப்பே போலகீதே!"

கடைத்தெரு சலூனுக்குப் போக அவர் மறுத்தார். அங்கே போனால் காரணம் கேட்பார்கள். மலைமேல் மொட்டைக்கு எவனும் காரணம் கேட்கமாட்டான். விடிந்ததும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஏறினார். முந்நூற்றறுபத்தைந்து படி. படிக்குப் படி யாரோ மஞ்சள் பூசிக் கற்பூரம் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு சுடரும் என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. வள்ளியைத் தூக்கிக்கொண்டு பத்துப் படி தள்ளியே நான் ஏறினேன். கூட வரவேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் தேசம்மாவும் வந்தாள். (இப்படி ஒரு காட்சியை எந்த நாத்தனார் விடுவாள்?)

மேலே நாவிதர் துண்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, "ஏற்கெனவே யாரோ ஆரம்பிச்சு வெச்சிருக்காங்களே சார்?" என்றார்.

மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு இறங்கும்போது பாதி வழியில் அவருடைய ஹெட் கிளார்க், சம்சாரத்தோடு எதிரே வந்தார். "இன்னாப்பா முனிரத்னம், மொட்டை?"

அவ்வளவுதான், மானம் போயிற்று, விண்ணப்பமும் போயிற்று என்று கண்ணை மூடினேன். தேசம்மா முந்திக்கொண்டாள். குத்திக்காட்டத்தான் சொன்னாள்: "எங்க அண்ணி பத்தாவது பாஸாயிட்டாங்க இல்ல? அதுக்கு எங்க அண்ணன் முடி குடுத்துகினு வருது!"

அந்த அம்மாள் படியிலேயே நின்றுவிட்டார். கண் கலங்கிவிட்டது. புருஷன் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா? பொண்டாட்டி படிச்சதுக்கு முடியே குடுத்திருக்காரு. நான் இந்தி கிளாசுக்குப் போறேன்னதுக்கு நீங்க இன்னா சொன்னீங்க?"

ஹெட் கிளார்க் முகம் சுருங்கிப்போய், என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பெரிய மனசுப்பா உனுக்கு."

அந்த இடத்தில், அந்தப் படியில், என் கண் முன்னால் அவர் வளர்ந்தார். சந்தனத் தலையை ஒருமுறை தடவிக்கொண்டார். குரல்கூட மாறிவிட்டது.

"ஆங் சார்... பொம்பளைங்க படிக்கணும் சார். நாமதான் தூக்கிவுடணும்."

"அடுத்து இன்னா பண்ணப் போறாங்க?"

"டீச்சர் ட்ரெய்னிங் சார். நான்தான் போகச் சொல்லிக்கினு இருக்கேன்."

வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்தார். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அவர் பார்க்க, கையெழுத்துப் போட்டார். அடியில் இரண்டு கோடு வேறு. அப்புறம் என் பக்கம் குனிந்து மெதுவாக, "முடி வளரட்டும், அப்புறம் பேசிக்கறேன்" என்றார். முடி வளர்ந்தது. பேசவில்லை. அந்த அலை மட்டும் பழைய மாதிரி எழவேயில்லை.

டீச்சராகிப் பதினைந்து வருஷம் ஆகிறது. அல்ஜீப்ராவும் நடத்துகிறேன், பிள்ளைகள் பாவம். பள்ளி ஆண்டு விழாவில் மேடையேற்றி மாலை போடுவது அவருக்குத்தான். மனைவி படிக்க முடி கொடுத்த உத்தமர். அவர் அடக்கமாகத் தலை குனிவார். கணக்கில் தேறியது யார் என்று யாரும் கேட்பதில்லை.

வீட்டுக்குள் கதை வேறு. நான் சாமி படத்துக்கு முன்னால் கண்ணை மூடினால் போதும், அவரும் வள்ளியும் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொள்கிறார்கள். கல்யாண வீட்டில், பேருந்தில் அம்மன் கோயிலைத் தாண்டும்போது, எங்கேயும்.

போன மாதம் வள்ளியைப் பெண் பார்க்க வந்தார்கள். பையனுக்கு நல்ல வேலை, மரியாதையான பேச்சு. எல்லாரும் சேர்ந்து மலைக்குப் போனோம். சன்னிதியில் நான் கைகூப்பியதும் அப்பாவும் மகளும் தலையைப் பொத்திக்கொண்டார்கள். பையன் ஒன்றும் புரியாமல் பார்த்தான். "நீங்களும் பொத்திக்குங்க, அப்புறம் சொல்றேன்" என்றாள் வள்ளி. அவன் சிரித்தானே தவிர, கையைத் தூக்கவில்லை.

நான் கண்ணை மூடினேன். வள்ளி பி.எட். பரீட்சை எழுதியிருக்கிறாள், ரிசல்ட் வரவேண்டும்.

பையனுக்கு நல்ல அடர்த்தியான முடி.