அரை அங்குல வெளிச்சம்

கோயமுத்தூர் ஜில்லாவிலேயே, எதையும் கச்சிதமாகச் செய்துவிடக் கூடாது என்று கொள்கை வைத்திருந்த ஒரே மனிதர் எங்கள் ‘அலவன்ஸ்’தான். சொந்தப் பெயரை அவரே மறந்திருப்பார். தொண்ணூறுகளில் கணபதிப் பக்கம் ஒரு பம்பு ஃபவுண்டரியில் அவர் பேட்டர்ன் மேக்கர், அதாவது வார்ப்புக்கு மர அச்சு செய்கிறவர்; நான் டிராயிங் போடுகிறவன்.

உருக்கி ஊற்றிய இரும்பு ஆறினால் சுருங்கும். அதனால் மர அச்சைத் துளி பெரிதாகச் செய்ய வேண்டும். அதற்கென்றே ஒரு ஸ்கேல் உண்டு. அதன் ஓர் அடி, ஊரில் உள்ள அடியைவிட அரைக்கால் அங்குலம், அதாவது எட்டில் ஒரு பங்கு, நீளம். அந்தக் கூடுதலுக்குப் பெயர்தான் அலவன்ஸ். மனிதர் வாழ்க்கையையே அந்த ஸ்கேலில்தான் நடத்தினார். சட்டை தைத்தால் தோளில் இரண்டு விரல் கூட இருக்கும். சூலூர் பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் நிற்பார். கேட்டால், “எதுவும் ஆறுனாச் சுருங்குமுங்க” என்பார்.

முதலாளி புது ஆபீஸ் கட்டினார். வாசலுக்கு மேலே எட்டடி அகலத்தில் வார்ப்பிரும்புக் கிராதி வேண்டும், பூ டிசைன் வேண்டும் என்றார். அலவன்ஸ் பூக்கடைப் பக்கமே போகவில்லை. பம்புக்குள் சுழலும் இம்பெல்லரை மூன்று நாள் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க, தண்ணியத் தள்ற வளைவு வெளிச்சத்தத் தள்ளாதுங்களா?” என்று என்னைக் கேட்டார்.

சனி என் ரூபத்தில் வந்தது. கொத்தனாரின் டேப் உடைந்துபோய் அவர் ஸ்கேல் கேட்க, அலவன்ஸ் மேசையில் கிடந்ததை எடுத்துக் கொடுத்துவிட்டேன். கிராதி ஆறிச் சுருங்கி, சரியாக எட்டடிக்கு வந்தது. வாசலோ, அந்த நீள ஸ்கேலில் அளந்ததால், ஓர் அங்குலம் கூடுதல். மறுநாள் திறப்பு விழா. கட்டட அளவுக்கு நான்தான் பொறுப்பு. வேலை போச்சு என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

அலவன்ஸ் கொத்தனார் கையிலிருந்த ஸ்கேலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கிராதியை நடுவில் நிறுத்தி, இரண்டு பக்கமும் அரை அங்குலம் விட்டு, கிளாம்பு போட்டு இறுக்கினார்.

காலையில் முதலாளி வந்தார். “பூவுன்னு சொன்னா இம்பெல்லரக் கொண்டாந்து மாட்டியிருக்கீங்க. சந்து வேற உட்டுப்போட்டீங்க. இது யாரு அளவுங்க?”

நான் ஓரடி பின்னால் நகர்ந்து நின்றேன்.

“என்ற அளவுதானுங்க” என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார் அலவன்ஸ். “கொஞ்சம் இருங்க, வெயில் வரட்டும்.”

வெயில் வந்தது. தரை முழுக்க இதழ் இதழாக நிழல் சுழன்று விழுந்தது. இரண்டு ஓரத்திலும், சேலைக்குக் கரை வைத்த மாதிரி ஒரு வெளிச்சக் கோடு. முதலாளி செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அதன்மேல் நடந்தார். விழாவுக்கு வந்தவர்களிடமெல்லாம், “சந்து உட்டதுதானுங்க அழகே. நாந்தான் உடச் சொன்னேன்” என்றார்.

சாயங்காலம் அலவன்ஸிடம் போய் நின்றேன். “எதுக்குங்க உங்க மேல போட்டுக்கிட்டீங்க?”

“மொதலாளி கேட்டா நீங்க சுருங்கிப்போவீங்கன்னு தெரியுமுங்க” என்றார், ஸ்கேலைத் துடைத்துக்கொண்டே.

அதற்குப் பிறகு எத்தனையோ ஆபீஸ் பார்த்துவிட்டேன். நான் சுருங்குவேன் என்று முன்கூட்டியே எனக்கு இடம் விட்டு வைத்த மனிதர் அவர் ஒருவர்தான்.