முதல்ல நீங்க போங்க

அன்புள்ள மச்சான் சைமனுக்கு,

இங்கிலாந்து தேசத்திலிருந்து தங்கராஜ் எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் மகள் லின்சியும் சுகம். கருமத்தம்பட்டியில் நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் உங்கள் தறிகளும், உங்கள் வீட்டில் வந்து தங்கியிருக்கும் உங்கள் அக்காவான என் மனைவியும் அவள் முட்டிவலியும் எப்படி என்று அறிய ஆவல். முட்டிவலி தவிர மற்ற எல்லாம் சுகமாக இருக்கட்டும்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போன் வந்தால் ஸ்பீக்கரில் போட்டுத் தறிச் சத்தத்தையும் மீறி ஊருக்கே கேட்க வைப்பது உங்கள் வழக்கம். இது உங்கள் அக்கா சாராள் காதில் விழக் கூடாத சமாச்சாரம். லின்சியின் வேலைக்கு நானே உலை வைத்துவிட்டேன், மச்சான்.

இது சந்தை கூடுகிற சின்ன ஊர். சந்தையில் முட்டைக்கோசைத் தொட்டுப் பார்ப்பதற்குக்கூட மன்னிப்புக் கேட்கிறார்கள். ஊர் முடிகிற இடத்தில் ஒரு பழைய வில்லா. யாரோ ஒரு சீமான் அந்தக் காலத்தில் இத்தாலி போய் வந்து, அதே மாதிரி வேண்டும் என்று கட்டியது. அதைச் சுற்றித் தோட்டம் என்றால் அப்படி ஒரு தோட்டம்! படிப்படியாக இறங்கும் புல்தரை, ரோஜாப் பந்தல், அல்லிக் குளம். கண்ணாடி வீட்டுக்குள் குளிருக்குப் பயந்து ஒரு வாழை குடியிருக்கிறது. கோபியில் வாய்க்கால் ஓரம் கேட்பாரில்லாமல் நிற்கும் அதே வாழைக்கு இங்கே பெயர்ப்பலகை! நடுநடுவே உடுப்பில்லாத பளிங்குப் பெண்கள். நான் முகத்தை மட்டும்தான் பார்த்தேன் என்று அக்கா கேட்டால் சொல்லவும்.

இந்தத் தோட்டத்தில்தான் லின்சிக்கு வேலை, அதுவும் தற்காலிகமாக. ஞாயிற்றுக்கிழமை ஊர் ஜனமெல்லாம் பார்க்க வரும் விசேஷ நாள். அன்றைக்கு எல்லாம் நல்லபடியாக நடந்தால் வேலை நிரந்தரமாகும் என்று தலைமைத் தோட்டக்காரி ஹெலன் அம்மா சொல்லியிருந்தார். லின்சி என்னை மதில் வாசலுக்கு வெளியே ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, "அப்பா, இங்கயே உக்காந்திருங்க. வேலை முடிஞ்சதும் நானே வந்து சுத்திக் காட்டறேன். எந்திரிச்சுப் போயிராதீங்க" என்று கெஞ்சிவிட்டுப் போனாள்.

உட்காரத்தான் நினைத்தேன். ஆனால் பெண் வேலை பார்க்கிற இடத்துக்கு நாலு பேர் வருகிறார்கள், பெற்றவன் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் என்ன நினைப்பார்கள்? வேட்டியைச் சரிசெய்து, வாசலில் நின்று, கல்யாண மண்டபத்தில் பெண்ணுக்கு அப்பன் நிற்கிற மாதிரி கைகூப்பி, "வாங்க, வாங்க" என்றேன். முதலில் வந்தவர் கைத்தடி ஊன்றிய பெரியவர், மறு கையில் ஒரு நாய்க்குட்டியின் கயிறு. வாசலோ ஒரு ஆள் நுழைகிற அகலம். அவர் இங்கிலீஷில் சொன்னதை நம் பேச்சில் எழுதுகிறேன்: "நீங்க போங்க." விருந்தாளிக்கு முன்னால் நான் போவதா? "அய்யோ, முதல்ல நீங்க போங்க" என்றேன். "அதெப்படிங்க, நீங்கதான்" என்றார். நம் ஊர்க்காரன் மரியாதையில் தோற்பானா? அவர் பின்னால் நின்ற அம்மாவுக்கு வழிவிட, அந்தம்மா எனக்கு வழிவிட, நான் அதற்கும் பின்னால் நின்றவரைக் கும்பிட, வரிசை சாலை வரைக்கும் போய்விட்டது. ஒருவர்கூடக் கோபப்படவில்லை. வரிசை என்றால் இவர்களுக்கு அவ்வளவு பிரியம், வழியே போனவர்களும் என்ன ஏதென்று கேட்காமல் வந்து நின்றுகொண்டார்கள். விசாரிக்க ஓடி வந்த ஹெலன் அம்மாவிடமும், "நீங்க முதல்ல வாங்க" என்றேன். "இல்லைங்க, நீங்க" என்று அவரும் மாட்டிக்கொண்டார்.

கடைசியில் அந்த நாய்க்குட்டிதான் வழி திறந்தது. அதற்கு நம் மரியாதையும் தெரியாது, அவர்கள் மரியாதையும் தெரியாது. கயிற்றை அறுத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தது, பெரியவர் அதன் பின்னால், ஜனமெல்லாம் அவர் பின்னால். அது நேராகப் போய்த் தோண்டியது லின்சி ஆசை ஆசையாகப் போட்ட பூம்பாத்தியை. கை நிறைய மண்ணோடு பிள்ளை வந்து, "ஏனுங்கப்பா, உங்கள உக்காரத்தானே சொன்னேன்?" என்றாள். கண் கலங்கியிருந்தது. ஆனாலும் வந்தவர்களை அம்போ என்று விட முடியுமா? சாயங்காலம் வரை நின்று, ஒவ்வொருவரிடமும், "போயிட்டு வாங்க" என்று சொல்லித்தான் அனுப்பினேன்.

நாளைக்கு ஹெலன் அம்மா லின்சியை ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்கிறார். ஆனைமலையில் நர்சரி வைத்திருக்கும் உங்கள் சிநேகிதர் சென்னியப்பனிடம் அவளுக்கு ஒரு வேலைக்குச் சொல்லி வையுங்கள். அக்காவிடம் மூச்சு விட வேண்டாம். இனி எந்த வாசலிலும் நிற்க மாட்டேன், இது சத்தியம்.

தங்கச்சிக்கு என் அன்பும், பிள்ளைகளுக்கு முத்தமும், தறிகளுக்குத் தடையில்லாத கரண்டும் கர்த்தர் அருளட்டும்.

இப்படிக்கு,
மாமன் தங்கராஜ்

பி.கு.: தபாலில் சேர்க்க மறந்து ஒரு வாரம் சட்டைப்பையிலேயே கிடந்துவிட்டது. லின்சிக்கு வேலை நிரந்தரம்! அன்றைக்கு வந்த மாதிரிக் கூட்டம் தோட்டத்துக்கு வந்ததே இல்லையாம். போயிட்டு வாங்க என்றேன் அல்லவா, சொல்லுக்கு மரியாதை கொடுத்துப் பாதிப்பேர் நேற்று மறுபடி வந்துவிட்டார்கள். இனி ஞாயிறுதோறும் வாசலில் நான்தான். சென்னியப்பனிடம் ஒன்றும் கேட்க வேண்டாம். அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லவும், தறிச் சத்தத்தையும் மீறிச் சொல்லவும். நாலு முழ வேட்டி இரண்டு அனுப்பவும்.

ஒன்று மட்டும் உங்களோடு இருக்கட்டும். மேலே எழுதிய புல்தரை, ரோஜா, வாழை எல்லாம் லின்சி சொல்லக் கேட்டது. பளிங்குப் பெண்களின் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. வந்தவர்களை நிறுத்திவிட்டு நான் எப்படி முன்னால் போவது? நேற்று எல்லோரும் போனபின் ஹெலன் அம்மா சாவியோடு வந்து, "இப்பவாச்சும் உள்ள போய்ப் பாருங்க" என்றார். "முதல்ல நீங்க போங்க" என்றேன். "இல்லைங்க, நீங்க" என்றார். இருட்டிவிட்டது. லின்சி வந்து கதவைப் பூட்டி என்னை வீட்டுக்குக் கூட்டிப் போனாள்.