ஏழால் வகுபட்ட சம்பந்தம்

பெருமதிப்புக்குரிய அண்ணாவுக்குத் தம்பி பணிவுடன் எழுதிக்கொண்டது. இங்கு உடம்பளவில் எல்லோரும் சுகம். மனத்தளவில் விசாரிக்காதீர்கள். அண்ணியின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நீங்கள் பார்த்துக் கொடுத்த சம்பந்தம் கையைவிட்டுப் போய்விடும் போலிருக்கிறது. காரணம் எங்கள் வீட்டு எண். போன ஞாயிற்றுக்கிழமை பையனின் அப்பா, அந்தக் கணக்கு வாத்தியார், மகனோடு பெண் பார்க்க வந்தார். வாசலிலேயே நின்று கதவிலிருந்த 91-ஐப் பார்த்தார். ஒற்றைப்படை, இரண்டால் போகாது; இலக்கங்களைக் கூட்டினால் பத்து, மூன்றால் போகாது; கடைசியில் ஐந்துமில்லை, சுழியுமில்லை. ‘பகா எண்’ என்று முகம் மலர்ந்து, வகுபடாத வீட்டில் பெண்ணெடுத்தால் குடும்பம் பிரியாது என்றார். நானும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினேன். தேதி குறிக்கும்வரை பேச்சு வந்துவிட்டது. அப்போதுதான் நம் பெண் தேநீரை வைத்துவிட்டு வாயைத் திறந்தாள். மருந்துக்கடை வேலைக்கு அனுப்பினேனே, என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

“பதிமூணு வாரத்துக்கு மருந்து கேட்டா தொண்ணூத்தொரு மாத்திரை எண்ணிக் கொடுப்பேன் மாமா. ஏழு பதிமூணு தொண்ணூத்தொண்ணு.”

முப்பத்திரண்டு வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்தவர் முகம் சுண்டிவிட்டது. பெண்ணுக்குக் காலையிலிருந்து தலைவலி, ஏதோ உளறுகிறாள் என்று நான் சமாளித்தேன். உங்கள் தம்பி மனைவி சும்மா இருந்தாளா? அடுக்களையிலிருந்து 91 பட்டாணியை எண்ணிக்கொண்டு வந்து ஏழேழாகப் பிரித்தாள். பதிமூன்று குவியல். ஒரே ஒரு பட்டாணி மிஞ்சியிருந்தால் என் பெண்ணுக்குக் கல்யாணம் நடந்திருக்கும் அண்ணா. பையன் அவ்வளவு நேரமும் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தான். வாத்தியார் பாதித் தேநீரோடு எழுந்து போனார்.

மறுநாள் நூலகத்தில் உட்கார்ந்து படித்து அவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஒன்று முதல் பதிமூன்று வரை கூட்டினால் 91. பழக்கடைக்காரர் ஆறுக்கு ஆறு அடித்தளம் போட்டு உச்சியில் ஒற்றைப் பழம் வரை அடுக்கினாலும் 91. மூன்றின் கனமும் நான்கின் கனமும் சேர்ந்தாலும் 91. இத்தனை குணமுள்ள எண்ணை, வகுபடுகிறது என்ற ஒரு குறைக்காக ஒதுக்கலாமா என்று கேட்டிருந்தேன். பதில் இல்லை. கதவெண்ணை 97 என்று மாற்றித் தரும்படி வீட்டுக்காரரிடம் கெஞ்சினேன். 97-இல் ஏற்கெனவே ஒரு பல் மருத்துவர் குடியிருக்கிறாராம். பெண் மருந்துக்கடையில்தானே இருக்கிறாள், ஏதாவது வாங்கிச் சாப்பிடுங்கள் என்று என்னை அனுப்பிவிட்டார்.

அவளுக்கு முப்பது நெருங்குகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்கள்தான் நேரில் போய்ப் பேச வேண்டும். 91 பகா எண்தான் என்று அவள் எழுத்தில் தருவாள், அதற்கு நான் பொறுப்பு.

அண்ணிக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள். ஏழாம் வாய்ப்பாட்டைச் சத்தமாகப் படிக்க வேண்டாம் என்று சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி

பின்குறிப்பு: இதைப் பெண் படித்துவிட்டாள். நீங்கள் போக வேண்டாம். பையன் நேற்றே அவளை ஃபோனில் கூப்பிட்டானாம். என் கடிதத்தைப் படித்துத் தன் அப்பா சம்மதித்துவிட்டார், 91 வகுபடும் என்று தனக்கும் பத்து வயதிலிருந்தே தெரியும், அப்பா முன்னால் சொல்லப் பயம், இனி அவளும் பேசாமல் இருந்துவிட்டால் போதும் என்றானாம். இவள் முடியாது என்று சொல்லிவிட்டாள். “ஏழு பதிமூணுக்கே வாயைத் திறக்காதவரு, எனக்காக என்னைக்குப்பா திறப்பாரு?” என்று கேட்கிறாள். அன்றைக்கு அந்தப் பட்டாணிக்கு முன்னால் நானும் அவள் பக்கம் ஒரு வார்த்தை பேசவில்லை அண்ணா.