ஐந்தாவது குழாயில் பம்பரம் அண்ணன்

சும்மா உட்காரத் தெரியாத மனிதர் என்று உலகத்தில் ஒரே ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். நாமக்கல்லில் நான் படித்த கல்லூரியின் ஆய்வக உதவியாளர், பம்பரம் அண்ணன். மதியச் சோற்றைக்கூட நடந்துகொண்டேதான் தின்பார். நாற்காலியைக் காட்டினால், "உக்காந்தா துருப்புடிச்சுருமுங்க" என்பார்.

வேலை ஏற ஏற வேகமும் ஏற வேண்டும் என்பது அவர் கட்சி. அதனாலேயே ஒரு சோதனை மட்டும் அவருக்கு ஆகாது. எச்சிலில் இருக்கும் நொதி மாவைச் சர்க்கரையாக்கும். ஐந்து குழாய்களில் ஒரே அளவு எச்சில் விட்டு, மரவள்ளி மாவுக் கரைசலை மட்டும் ஒன்றைவிட ஒன்றில் அடர்த்தியாக ஊற்றுவோம். முதல் மூன்றில் சர்க்கரையாகும் வேகம் கிடுகிடுவென ஏறும். நான்காவதில் தயங்கும். ஐந்தாவதில் ஏற்றம் நின்று, வரைபடத்தில் கோடு படுத்துவிடும். இருக்கிற நொதிக்கெல்லாம் கைநிறைய வேலை; அதற்குமேல் மாவைக் கொட்டிப் பயனில்லை.

"சோம்பேறி எச்சிங்க இது" என்று முகம் சுளிப்பார்.

செய்முறைத் தேர்வில் எனக்கு அதே சோதனை வந்தது. ஏற்கெனவே ஒருமுறை இதே சோதனையில் கோட்டைவிட்டவன் நான். இந்த முறையும் தோற்றால் ரிக் வண்டியில் ஏறி ஆழ்துளைக் கிணறு போடப் போக வேண்டியதுதான் என்று அப்பா சொல்லியிருந்தார்.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அம்மா என் வரைபடத்தை வாங்கிப் பார்த்தார். கோடு ஐந்தாவது குழாயிலும் விறுவிறுவென மேலே போயிருந்தது.

"கோடு எங்கப்பா படுக்குது? என்ன செஞ்சு வெச்சிருக்க?"

பின்னால் மேசை துடைத்துக்கொண்டிருந்த பம்பரம் அண்ணன், நான் அறிந்து முதன்முறையாக அசையாமல் நின்றார்.

"நாந்தானுங்கம்மா. தம்பி அந்தப்பக்கம் திரும்புனப்ப அஞ்சாவது குழாயில என் எச்சியக் கொஞ்சம் சேத்தி உட்டுட்டனுங்க. போனவாட்டி கோடு படுத்துக்கிச்சு, அதுலதான் தம்பி பெயிலாயிருச்சுன்னு நெனச்சனுங்க. இன்னொருக்கா ஆவக்கூடாதுன்னுதானுங்க."

அவர் வேலை போயிருக்கும். என் படிப்பும் போயிருக்கும். அந்த அம்மா என்னைப் பார்த்தார்.

"அவர் ஊத்தினா ஏன் ஏறணும்? சொல்லு."

"மாவு நெறையாக் காத்துக்கெடந்துச்சுங்கம்மா. வேலை செய்யத்தான் ஆளு பத்தல. அண்ணன் ஆளச் சேத்திட்டாருங்க."

தேர்வாளர் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐந்தாவது குழாயை மட்டும் மறுபடி செய்யச் சொன்னார். அண்ணனிடம், "அதுவரைக்கும் நீங்க அந்த நாற்காலியில உக்காருங்க" என்றார்.

கோடு ஒழுங்காகப் படுத்தது. நான் தேறினேன். அந்தக் கால்மணி நேரமும் அண்ணன் எனக்காக உட்கார்ந்திருந்தார், இரண்டு முழங்கால்களையும் ஆட்டிக்கொண்டே.

பிறகு வாழ்க்கையில் என்மேல் துப்பியவர்கள் பலர் உண்டு. எனக்காகத் துப்பியவர் அவர் ஒருவர்தான்.