குளிர் இல்லாத கனடா

ஒட்டாவா, 1884 பிப்ரவரி

என் மதிப்புக்கும் அன்புக்கும் உரிய ஜேனட் அக்காவுக்கு,

அபர்டீனில் நீயும் பிள்ளைகள் இருவரும் நலமாக இருக்க ஆண்டவர் துணை நிற்கட்டும். இங்கும் நலம் என்று எழுதக் கை வரவில்லை. அத்தான் இறந்த பிறகு அங்கே காலம் தள்ள முடியவில்லை, கனடாவுக்குக் கப்பலேறலாமா என்று டிசம்பரில் கேட்டிருந்தாய். பதில் இவ்வளவு தாமதமானதற்கு மன்னித்துக்கொள். ஏறாதே.

உன்னை மயக்கிய அந்தக் குடியேற்றப் பிரசுரத்தை எழுதியது என் கணவர் ஆர்ச்சிதான். அதில் குளிர் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை, தேடிப் பார். "அந்த வார்த்தை இருந்தா ஒருத்தனும் கப்பலேற மாட்டான்னு மேலதிகாரி கோடு போட்டு அடிச்சுடுறார், எஃபி. உற்சாகம் தரும் காத்துன்னு போட்டிருக்கேன்" என்கிறார். வயிற்றுப்பாடு என்று விட்டுவிடலாம். ஆனால் மாலையானால் அதே மனிதர் தேசாபிமானச் சங்கத்துக்குப் போய், இந்தப் பதினேழு வயது நாட்டை ஆளாக்கப் போவதே குளிர்தான், வெயிலில் பிறந்தவன் அடங்கிக் கிடப்பான், பனியில் பிறந்தவன் எவனுக்கும் பணியமாட்டான் என்று மேசையைத் தட்டுகிறார். கல்லூரியில் தர்க்கம் படித்தவள் நான். பகலில் இல்லாத குளிர் மாலையில் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன், மறுநாளே எங்கள் பத்து மாதக் குழந்தை ரோடாவின் அறையிலிருந்து கணப்பு அடுப்பைக் கழற்றிவிட்டார், அவள் வடதேசத்துப் பெண்ணாக வளரவேண்டுமாம். வேலைக்காரி டெல்ஃபீன் சும்மா இருப்பாளா, "எங்க பிரெஞ்சு சனம் இருநூறு வருசமா இங்கதான் இருக்கோம் ஐயா. அடுப்பை விட்டு நகராததாலதான் இன்னும் இருக்கோம்" என்றாள். சென்ற வாரம் சொற்பொழிவு மண்டபத்தில் அடுப்பு கெட்டுப்போக, தேசாபிமானிகள் பத்தே நிமிடத்தில் கலைந்தார்கள், இவர் காது விறைத்து வந்து சமையலறை அடுப்போடு ஒட்டிக்கொண்டார்.

"குழந்தைக்கு ஆகாத அடுப்பு உங்களுக்கு எதுக்கு?" என்றேன்.

"நான் வளந்து முடிஞ்சவன்டி. அவதான் இனிமே உருவாகணும்."

மூன்று நாளாக ரோடாவுக்கு இருமல், நெருப்பாய்க் காய்ச்சல். யாரையும் கேட்காமல் அவள் தொட்டிலைச் சமையலறைக்கு இழுத்து வந்துவிட்டேன். எதிர்வீட்டுக் குழந்தை போன மாதம் இறந்தது. மண் கல்லாய் இறுகிவிட்டதால் அதன் பெட்டி வசந்தம் வரும்வரை கல்லறைக் கிடங்கில் காத்திருக்கிறது. அதுவும் பிரசுரத்தில் இல்லை, அக்கா. பிள்ளைகளை அங்கேயே மழையில் வளர்த்துக்கொள். வெறுமனே நனைந்தால் போதும், எந்த நாட்டின் பெருமைக்கும் அவர்கள் சாட்சி சொல்ல வேண்டியதில்லை.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். கர்த்தர் உங்கள் மூவரையும் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும்.

என்றும் உன் தங்கை,
எஃபி

பி.கு.: இதை உறையில் போடுவதற்குள் ரோடாவுக்குக் காய்ச்சல் விட்டது. யாரிடமாவது சொல்லலாம் என்று திரும்பினேன்; ஆர்ச்சி அலுவலகத்தில், டெல்ஃபீன் சந்தையில். கடைசியில் ரோடாவிடமே சொன்னேன். மேலே எழுதியதை விட்டுவிடு. ஆற்றில் பனி உடைந்ததும் முதல் கப்பலில் வா, அக்கா.